கொலையே நடக்காத ஊரின் கொலை வழக்குச் சாட்சி

டாரல் ஹார்லெஸைப் பற்றி எங்கள் கவுண்டியில் யாரைக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுவார்கள். என்னைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேன். ஷெரிஃப் அலுவலகத்தில் அவனோடு பல வருடம் டெபுடியாக, அதாவது ஷெரிஃப்புக்குக் கீழே போலீஸாக, வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக் காலம் அவனுடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவள்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மலைக்குள் ஒளிந்து கிடக்கும் சின்ன மாவட்டம், எங்கள் கவுண்டி. டாரலின் அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடியபோது பள்ளி முடித்த பையன்களுக்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று கோழி வெட்டும் ஆலை, இன்னொன்று ராணுவம். டாரல் ராணுவத்துக்குப் போனான். அங்கே சிறப்புப் படைக்கான தேர்வில் தேறிப் பச்சைத் தொப்பியும் வாங்கினான். அதை நான் கேலி செய்ய மாட்டேன். போனவர்களில் பெரும்பாலோர் முழங்கால் பெயர்ந்து அழுதுகொண்டே திரும்பி வரும் தேர்வு அது. அவனை மருத்துவம் பார்க்கும் வீரனாக ஆக்கினார்கள். குண்டடி பட்டவனுக்குக் கட்டுப் போடுவான், சொத்தைப் பல் பிடுங்குவான், பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் பிரசவமும் பார்ப்பான்.

ட்ரீமாவைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சனியன் பிடித்தது. முழுநேர ராணுவம் வேண்டாம், ஊரோடு வந்துவிடு என்றாள் அவள். வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? பகுதிநேரச் சிறப்புப் படை என்று ஒன்று இருக்கிறதே, மாநிலக் காவல் படைக்குக் கீழே, அதில் சேர்ந்தான். வயிற்றுப்பாட்டுக்கு எங்களிடம் டெபுடியாகவும் சேர்ந்தான். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம், அவ்வளவுதான் என்று படையின் போஸ்டரில் போட்டிருக்கும். அந்தப் போஸ்டரை எழுதியவனைப் பிடித்து எங்கள் ஊரில் ஒரு வருடம் ரோந்து போகவிட வேண்டும். சாதாரணப் படைக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு சரி. இவர்களுக்கோ இந்த மாதம் விமானத்திலிருந்து குதிப்பு, அடுத்த மாதம் பனியில் நடை, அப்புறம் மருந்துப் படிப்பு, அப்புறம் எங்கோ பெயர் தெரியாத நாட்டில் ஆறேழு மாதம். நடுநடுவே எங்கள் கவுண்டியில் குப்பைத் தொட்டிக்குள் மாட்டிக்கொண்ட கரடியை விரட்டவும் அவன்தான் வரவேண்டும்.

எங்கள் சனங்கள் இருக்கிறார்களே, அவர்களை என்னவென்று சொல்ல! கடையில் டாரலைப் பார்த்தால், "உன் சேவைக்கு நன்றிப்பா" என்று காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். அவன் இல்லாத நாளுக்கு இன்னொரு டெபுடி வைக்கலாம், கொஞ்சம் வரி கூடும் என்று வாக்கெடுப்பு வைத்தபோது, காப்பி வாங்கிக் கொடுத்த அதே கையால் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நன்றிக்குச் செலவு கிடையாதல்லவா!

ஷெரிஃப் ஓக்கி லில்லி அதற்கும் மேலே. பதவிக்கு வருமுன் பழைய கார் விற்றவர். ராணுவ வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் காட்டுப் பச்சைக் கால்சட்டை இல்லாமல் வெளியே வரமாட்டார். படைப் பயிற்சிக்குப் போகிறவனுக்கு விடுப்பு மறுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் டாரல் எதிரில் நின்றால், "போய்ட்டு வா, சிங்கமே!" என்பார். அவன் வண்டி கிளம்பியதும் என் பக்கம் திரும்பி, "ஏம்மா ட்வைலா, சனிக்கிழமை ஃப்ரீயா?" என்பார். என் தங்கை கல்யாணத்தன்றும் அப்படித்தான் கேட்டார். நானும் நாட்டுக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மணப்பெண் தோழிக்கான கவுனை மடித்து வைத்துவிட்டு ரோந்துக்குப் போனேன்.

ட்ரீமா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எனக்கும் புருஷன்னு ஒருத்தன் உண்டு ட்வைலா. கல்யாண ஆல்பத்துல பாத்திருக்கேன்."

அந்த வருடம் மே மாதத்தில் ஷெரிஃப் பதவிக்குத் தேர்தல். ஓக்கி லில்லிக்கு மறுபடி நிற்க ஆசை. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. டாரல் படை முகாமில் பயிற்சியில் இருப்பான், அங்கேயே போய் அவனுக்குக் கேக் வெட்டிப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டால் எப்படி? எங்கள் ஊர் வாரப் பத்திரிகையை நடத்தும் வெர்னா தன் காரில் கேமராவோடு வந்தாள். ஷெரிஃப்பை நான் ரோந்து வண்டியில் ஏற்றிக்கொண்டேன். கேக் அவர் மடியில். "எங்கள் வீரன்" என்று அதன்மேல் பச்சை க்ரீமால் எழுதியிருந்தது.

முகாம் வாசலில் விட்டேக்கர் என்ற சார்ஜென்ட் வந்து நின்றார். டாரல் இருந்த அணிக்குத் தலைவர் அவர்தான். வார நாட்களில் குழாய் ரிப்பேர் பார்க்கிறவர். கேக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"டாரலா? அவன் இங்க இல்லையே. உங்க ஊர்லதான இருக்கான்? கொலைக் கேஸ்ல சாட்சி சொல்லணும், வர முடியாதுன்னானே."

"கொலையா? எங்க ஊர்லயா? யாருய்யா செத்தது?" என்று பதறிவிட்டார் ஓக்கி லில்லி, அந்த ஊருக்கு ஷெரிஃப் தான்தான் என்பதையே மறந்து.

எங்கள் கவுண்டியில் கொலை விழுந்து வருடக்கணக்கில் ஆகிறது. கடைசியாக ஒருவன் மைத்துனனைச் சுட்டான், அதுவும் காலில்.

வெர்னா கேமராவை இறக்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ஜின் இல்லாத வண்டியையே ஓட்டிக் காட்டி விற்ற மனுஷனாயிற்றே, ஓக்கி லில்லி ஒரு கணத்தில் சுதாரித்துக்கொண்டார்.

"வெர்னா, அதக் கீழ வைம்மா. இது... இது வெளிய சொல்லக்கூடாத சமாச்சாரம். சார்ஜென்டுக்கே சொல்லியிருக்க மாட்டாங்க. புரியுதா?"

விட்டேக்கருக்கு ஒன்றும் புரியவில்லை. வெர்னாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் ஆபத்து.

திரும்பும் வழியில் ஷெரிஃப் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். பாதி தூரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு மோட்டல் உண்டு. அதன் பின்பக்கம் ஒரு பிக்கப் நின்றது. முன்பக்கம் மான் மோதி நசுங்கிய பிக்கப். அந்த மான் செத்த அன்றைக்கு டாரலுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவள் நான்.  பெண் சமாச்சாரம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். ஷெரிஃப்பை வீட்டில் இறக்கிவிட்டுக் கேக்கோடு நேரே அங்கே திரும்பி வந்தேன்.

கதவைத் தட்டினேன். நெடுநேரம் கழித்து டாரல் திறந்தான். அரைக்கால் சட்டை, வெற்றுக் கால், கன்னத்தில் தலையணைக் கோடு. எட்டிப் பார்த்தேன். உள்ளே யாருமில்லை. சாராய பாட்டில்கூட இல்லை. ஜன்னல் திரையைத் துணிக் கிளிப் போட்டு இறுக்கி மூடியிருந்தான்.

"என்னடா பண்ற இங்க?"

"தூங்கிட்டிருக்கேன்."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல ட்வைலா. சும்மா தூங்கறேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னான். முந்தைய வருடம் ஒருநாள் ஷிப்ட் முடித்த கையோடு முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது கண் சொருகி, எதிரே வந்த நிலக்கரி லாரியின் ஹாரன் சத்தத்தில்தான் விழித்தானாம். அந்த மோட்டலில் ஒதுங்கினான். ஞாயிறு வரை தூங்கினான். முகாமுக்கு ஃபோன் போட்டு, கோர்ட்டு வேலை என்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் முடியாதபோதெல்லாம் அப்படிச் செய்தான்.

"அங்க உள்ளவங்க நான் இங்க இருக்கேன்னு நெனைப்பாங்க. இங்க உள்ளவங்க நான் அங்க இருக்கேன்னு நெனைப்பாங்க. நடுவுல இந்த ரூம் ஒண்ணுதான் ட்வைலா, ஒருத்தனும் என்னத் தேடாத எடம்."

"என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாம உன் ஷிப்டப் பாத்தேன்டா பாவி. நீ நாட்டக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். நீ குறட்டை விட்டுட்டு இருந்திருக்க!"

"அன்னைக்கு நெஜமாவே பயிற்சிக்குப் போனேன்."

"வாய மூடு."

கேக்கை அவன் முகத்தில் அடிக்கத்தான் உள்ளே எடுத்து வந்தேன். நல்ல கேக், வீணாக்க மனசு வரவில்லை. காப்பி கலக்கும் குச்சியால் இரண்டு பேரும் வாரித் தின்றோம். "வீரன்" என்ற எழுத்தை நான் தின்றேன். இரண்டு வேலையில் ஒன்றை விட வேண்டியதுதானே என்று கேட்டேன். அவன் இன்னொரு வாய் கேக்கை வாரினான். பதில் எனக்குத் தெரியும். இரண்டில் எதை விட்டாலும் ஊர் அவனை அப்படித் தலையில் தூக்கி வைத்துப் பேசாது. ஊர் வாங்கிக் கொடுத்த அந்த நன்றிக் காப்பி அவனுக்கும் இனித்திருக்கிறது.

அடுத்த வாரம் வெர்னாவின் பத்திரிகை வந்தது. நம் டாரல் ஹார்லெஸ் எங்கே இருக்கிறார் என்று சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தாள். தேவாலயத்தில் அவனுக்காக ஜெபம் செய்தார்கள். அவன் அந்த நேரம் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான்.

விட்டேக்கர் மட்டும் ஏமாறவில்லை. எங்கள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார், குழாய் ஏற்றிய வண்டியோடு. டாரலும் நானும் ரோந்து முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம்.

"நீ வராத அந்த ஞாயித்துக்கிழமை குதிச்சோம்," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நம்ம அணி லாமருக்குத் தொடை எலும்பு ஒடஞ்சுது. ஆம்புலன்ஸ் அந்த மலையேறி வர்றதுக்குள்ள அவன் கத்துன கத்து என் காதுல இன்னும் கேக்குது. மருந்துப் பை எங்ககிட்ட இருந்துச்சு. அதத் தொறந்து என்ன செய்யணும்னு தெரிஞ்சவன் எங்கடா போயிருந்தான்?"

டாரல் மோட்டலைச் சொன்னான். பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் சரி.

"களைப்பா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன உன்னக் கொன்னா போட்டிருப்பேன்?" என்றார் விட்டேக்கர். "எனக்கும்தான் களைப்பு. நீயா எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. நான் மேல சொல்ற மாதிரி வச்சுக்காத."

டாரல் விலகினான். பச்சைத் தொப்பியைப் பெட்டியில் வைத்த அன்று ட்ரீமாவிடமும் எல்லாவற்றையும் சொன்னானாம். அவள் கேட்ட ஒரே கேள்வி, "தூங்கறதுக்கு நம்ம வீடு என்னடா பாவம் பண்ணுச்சு?"

ஷெரிஃப்புக்கு விஷயம் தெரிந்ததும், "தேர்தல் முடியற வரைக்கும் மூச்சு விடாத," என்று டாரலின் தோளைத் தட்டினார். ஏப்ரலில் தீயணைப்பு நிலையத்தில் ரேம்ப் விருந்து. ரேம்ப் என்ற காட்டுப் பூண்டை உருளைக்கிழங்கோடு வறுத்து, பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்து ஊரே தின்னும் நாள். தின்றவன் வாயருகே நாலு நாள் நாய்கூட வராது. அத்தனை பேருக்கும் நடுவில் ஓக்கி லில்லி டாரலை மேடைக்கு இழுத்து ஒரு மரப் பட்டயத்தைக் கையில் திணித்தார். பேசு என்றார்கள்.

டாரல் பட்டயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் எந்த ரகசிய வேலைக்கும் போகல. மோட்டல்ல படுத்துத் தூங்கிட்டிருந்தேன். என்கூட இருந்தவன் காலொடிஞ்சு கத்துனப்பவும் தூங்கிட்டுத்தான் இருந்தேன். படையில இருந்து வெளிய வந்துட்டேன். இத எனக்குக் குடுக்காதீங்க."

 இவனிடம்கூட முதுகெலும்பு இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் வெடித்துச் சிரித்தான்.

"அடேங்கப்பா! பயிற்சின்னா இதுல்ல பயிற்சி! நகத்தப் புடுங்குனாலும் ரகசியத்த வெளிய விட மாட்டான்டோய்!"

கூடமே எழுந்து கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஷெரிஃப் டாரலைக் கட்டிப்பிடித்துக் காதோடு, "பிரமாதம்டா, பிரமாதம்," என்றார். டாரலின் முகத்தை நான் பார்த்தேன். வெள்ளத்தில் வீடு போனவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். கைதட்டாதவர்கள் ட்ரீமாவும் நானும்தான். உண்மையைக் கேட்கத் துப்பில்லாத கூட்டத்துக்கு உண்மை சொல்லி என்ன பிரயோஜனம்?

மே மாதம் ஓக்கி லில்லி அமோகமாக ஜெயித்தார். அடுத்த மாதம் டாரல் பேட்ஜையும் கழற்றிக் கொடுத்துவிட்டான். லாமரைப் பார்க்கப் போனான். முதல் தடவை கதவை முகத்தில் சாத்தினார்களாம். மூன்றாவது தடவை உள்ளே விட்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் போய் அந்தக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கிறான் என்று ட்ரீமா சொன்னாள். இதை மட்டும் நான் கேலி செய்வதில்லை.

வேலை? பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். மஞ்சள் வண்டி, மலைப்பாதை, காலையும் மாலையும். அவன் இடத்துக்கு எங்களுக்கு இன்னும் ஆள் போடவில்லை, அதற்குத்தான் வரி வேண்டுமே. போன வாரம் நிறுத்தத்தில் என் ரோந்து வண்டி அவன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றது. பிள்ளையை ஏற்றிவிட்ட ஒரு தகப்பன் டாரலைப் பார்த்து மெதுவாகக் கண்ணடித்தான். பிறகு என்னிடம் நடந்து வந்து ஜன்னலில் குனிந்தான்.

"பஸ் டிரைவராம்! நம்பிட்டோம்! யாரக் கண்காணிக்கிறார், ட்வைலா? உங்களுக்குத் தெரியும்ல?"

"உன்னத்தான்," என்றேன்.

அவன் முகம் வெளுத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வேகமாக வீட்டுக்குள் போனான்.