அம்மா ஏற்றிய இரண்டாவது விளக்கு

எங்கள் அம்மா கண்மூடி இந்தப் புரட்டாசியோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் மூத்த மகள் நான் எழுதுகிறேன். அழுதுகொண்டே எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது. கொஞ்சம் சிரித்தும் எழுதுவேன்.

கோட்டைப்பட்டினம் பக்கத்தில் பிறந்து, ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவர் அம்மா. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஊர் ஊராக விற்று என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். புரட்டாசி பிறந்தால் வியாபாரம் படுத்துவிடும்.

"ஒங்க பெருமாளு நம்ம பொழப்புலயே கை வைக்கிறாரேம்மா" என்பேன்.

"மொதல்ல மீனாத்தானடி வந்தாரு. தன் சனத்துக்கு ஒரு மாசம் லீவு கேக்குறாரு, குடுத்துட்டுப் போ" என்பார்.

அந்தச் சனிக்கிழமைகளில் பெருமாள் படத்துக்கு முன், பத்து அவதாரங்களுக்கும் பத்து அகல் ஏற்றுவார். ஒவ்வொன்றிலும் எங்களுக்கு உதவிய ஒருவரை உட்காரவைப்பார். என் பிரசவத்துக்கு வண்டி கொடுத்த பால்காரர் வாமனர், ஆள் குட்டை. கூடையை இறக்கச் சொன்ன கண்டக்டரைப் பிடித்து உலுக்கிய டீச்சர் நரசிம்மம்.

"பெருமாளு நேர்ல வந்து நிப்பாரா? ஆளத்தான் அனுப்புவாரு. வந்த ஆள நாமதான் அடையாளம் வச்சுக்கணும்" என்பார்.

எதிர்வீட்டு மாமாவோடு எங்களுக்குப் பல வருடம் பேச்சில்லை. தம்பி ஓட்டிய விசைப்படகு அவர் வலையை அறுத்துவிட்டது என்று தொடங்கிய சண்டை. அம்மா வாசலில் நின்றால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்படி இருக்கையில், ஒரு புரட்டாசியில் தம்பியின் படகு இன்ஜின் நின்றுபோய், நீரோட்டம் கடல் எல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போவதாகக் கரைக்குச் செய்தி வந்தது. அம்மா துறைமுகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கோவிந்தா" தவிர வேறு சொல் இல்லை. மறுநாள் அந்தப் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தவர் எதிர்வீட்டு மாமாதான். தம்பியைக் கட்டிக்கொண்டு அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது விளக்கை, கூர்மத்தின் விளக்கை, மாமா பெயருக்கு ஏற்றினார். மலையைச் சுமந்த ஆமைபோலப் படகை இழுத்து வந்தாரே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே எதிர்வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் போனது. பேச்சும் திரும்பியது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு மாமா வராத நாளில்லை.

கருமாதி முடிந்ததும் மாமா என்னிடம் கேட்டார். "தங்கச்சி வெளக்குல நான் எத்தனையாவதும்மா?"

"ரெண்டாவது மாமா. ஆமை."

தலையைக் குனிந்துகொண்டார். "சரியாத்தான் வச்சிருக்கு. அன்னைக்கு தம்பி படகப் பாத்துட்டு, எப்புடியும் போகட்டும்னு அங்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன். ரொம்ப நேரங்கழிச்சு மனசு கேக்காமத்தான் வந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல."

பக்கத்தில் நின்ற தம்பி மெதுவாகச் சொன்னான். "அம்மாவுக்குத் தெரியும் மாமா. கரைக்கு வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். 'லேட்டானாலும் வந்தாருல்ல, வாய மூடு'ன்னாங்க."

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவை ஏந்திப் பிடித்த டாக்டர், நர்ஸ்கள், இரவல் கட்டில் தந்த வீட்டார், தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி. கூப்பிட்டதும் வந்தவர்களுக்கும், தாமதமாக வந்தவர்களுக்கும் ஒரே நன்றிதான். நினைவு நாளில் பத்து அகலும் ஏற்றுகிறோம். இரண்டாவதை மாமா ஏற்ற வேண்டும். அவர் மெதுவாகவே வரட்டும்; காத்திருப்போம்.