வேர் அடுத்த லாரியில்

ஆறாவதோடு பள்ளியை விட்டவன் நான். அந்தக் கோடையில் ஓசூரில் சாலையோரம் குழி வெட்டும் வேலை. பாலத்தடியில் படுக்கை, பகலுக்கு டீயும் பன்னும்.

சாலையை அகலமாக்க மூக்கண்டப்பள்ளிப் பக்கம் புளியமரங்களை வெட்டியிருந்தார்கள். அதில் ஒன்றின் நிழலில் டீக்கடை வைத்திருந்த அக்கா ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். வருஷா வருஷம் வெயில் ஏறுகிறது, மரம் வளர்ப்பது அரசாங்கத்தின் கடமை என்று அவருடைய வக்கீல் எழுதினாராம். ஒரு மரத்துக்குப் பத்து நட்டுக் காட்டினால் வழக்கை முடிக்கலாம் என்றது கோர்ட். நேரில் பார்த்து எழுத ஒரு கமிஷனரையும் நியமித்தது.

அவர் வருவதற்கு முதல் நாள்தான் காண்ட்ராக்டருக்கு நாற்று ஞாபகம் வந்தது. மேஸ்திரி எங்களை ஏரிக்கரைக்கு அனுப்பிப் புங்கங்கிளைகளை வெட்டிவரச் சொன்னார். குழியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் ரெண்டு நாள் பச்சையாக நிற்கும். புங்கனை ஆடும் கடிக்காது. மேஸ்திரி யோசனைக்காரர்.

நட்டுக்கொண்டே கடைப்பக்கம் வந்தேன்.

“ஏன்டா, எங்கிட்டயே டீ குடிச்சிட்டு எங் கேசுக்கே குழி பறிக்கிறியா?”

“மரத்துக்குத்தான்க்கா பறிக்கிறேன்.”

“இது மரமாடா? வெறகு!”

அக்காவிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. கடைக்கு எதிரே இருந்த நாலு குழியில் மட்டும் அகத்திக் கிளைகளை நட்டுவைத்தேன்.

மறுநாள் கமிஷனர் பச்சை வரிசையைப் பார்த்துத் தலையாட்டியபடி நடந்து வந்தார். அக்கா ஆட்டை அவிழ்த்துவிட்டார். அது அகத்தியைக் கவ்வி இழுத்ததில் மரமே வாயோடு வந்தது. அதை இழுத்துக்கொண்டு போய்க் கமிஷனர் காலடியில் நின்று மென்றது. அடியில் அரிவாள் வெட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

“இதை நட்டது யாரு?”

கை தூக்கினேன்.

“வேர் எங்கப்பா?”

“அடுத்த லாரில வருதுன்னாங்க சார்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டு, புங்கனையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். மேஸ்திரி அங்கேயே என்னை வேலையை விட்டு அனுப்பினார். பேரிகைப் பக்கம் தக்காளி பறிக்கப் போனேன்.

வழக்கு முடியவில்லை. நட்டது ஒரு வருஷம் உயிரோடு நின்றால்தான் ஏற்போம் என்றது கோர்ட். மழைக்கு நாற்று நட வேறொரு மேஸ்திரி ஆள் தேடியபோது திரும்பி வந்தேன். கறுப்புப் பையில் இருந்த நாற்றோடு கடைப்பக்கம் போனேன். அக்கா டீயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“மொதல்ல அந்த நாத்துப் பையக் கிழிடா. வேர் இருக்குதான்னு பாக்கணும்.”