அத்தானின் சப்பாத்தும் அரைவட்ட வளைவுகளும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதம். நான் கனடா வந்து மூன்று மாதம். ரோமனெஸ்க் பாணியில் கட்டிய பழைய தேவாலயம் ஒன்றைப் போய்ப் பார்க்கச் சொன்னார் ஆங்கில வகுப்பு ரீச்சர். ரோமனெஸ்க் எனக்கு விளங்கவில்லை. உள்ளே ஹீற்றர் இருக்கும் என்பது மட்டும் விளங்கியது. புறப்பட்டேன்.

பனிக்குப் போட என்னிடம் சப்பாத்து இல்லை. ஸ்காபரோவில் நான் ஒட்டியிருந்தது அக்கா வீட்டில். அத்தான் தன்னுடையதைத் தந்தார்.

"நாலு மணிக்கு எனக்கு வேலை. மூண்டுக்கு முன்னம் கொண்டு வந்திடும்."

அவரிடமும் அந்த ஒரு சோடிதான். ஆரிடமும் ஓசியில் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனுசன்.

பஸ்ஸும் சப்வேயுமாக ஒரு மணி பத்து நிமிடம், கட்டணம் இரண்டு டொலர். சென் ஜேம்ஸ் ரவுணில் மன்னார் நண்பர் பெனடிக்ற்றையும் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிட நடை. வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

"மடு மாதா கோயிலிலை செருப்போடையே உள்ளுக்குப் போறனாங்கள்? கழட்டுமன்."

கத்தோலிக்கரே சொல்லும்போது சைவக்காரன் நான் என்ன மறுக்கிறது? இரண்டு சோடியையும் படியில் வைத்தோம்.

உள்ளே தடித்த கற்சுவர், வரிசையாக அரைவட்ட வளைவுகள். தூண்களின் தலைப்பில் கல்லில் செதுக்கிய இலைகள், இலைகளுக்குள் மனித முகங்கள். ஒருவருக்குப் பல்லுவலி போல. இன்னொருவர் முறைத்தார்.

"உது உம்மடை அத்தான்தான்," என்றார் பெனடிக்ற்.

நிறக்கண்ணாடி ஜன்னல் வழியே வந்த வெயில் என் காலுறையில் சிவப்பும் நீலமுமாக விழுந்தது. வாயைப் பிளந்தபடி ஒரு மணி நேரம் நின்றேன்.

ஒரு மணிக்கு வெளியே வந்தால், பெனடிக்ற்றின் ஓட்டைச் சப்பாத்து பத்திரமாக இருக்கிறது. அத்தானுடையதைக் காணோம்!

கீழே ஆள்சத்தம் கேட்டது. காலுறையோடு நிலவறைக்கு ஓடினேன். அங்கே ஏழைகளுக்கு உடுப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசையில், பளபளவென்று துடைத்து வைத்தபடி, அத்தானின் சப்பாத்து. யாரோ தானமாக விட்டுப்போனது என்று எடுத்திருக்கிறார்கள். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது. கையை நீட்டினேன். அங்கிருந்த அம்மா என் ஈரக் காலைப் பார்த்துக் கண் கலங்கி, சப்பாத்தோடு ஒரு கம்பளிக் காலுறையும் தந்தார்.

"வாயைத் திறவாதையும், சூப்பும் வருது," என்றார் பெனடிக்ற்.

இரண்டு ஐம்பதுக்கு வீடு. அத்தான் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லை, துடைச்செல்லோ கொண்டு வந்திருக்கிறீர்!"

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். வெயில் நாளில் நண்பகலில் போங்கள். தூண்களை அண்ணாந்து பாருங்கள். சப்பாத்தைக் கழற்றாதேங்கோ, கழற்றினால் கையிலேயே வைத்திருங்கோ.

அத்தான் அந்தச் சப்பாத்தோடு ஆறு பனிக்காலம் நடந்தார். இப்போது யூனியன்வில்லில் பெரிய வீடு. "ஆரிட்டையும் கைநீட்டாமல் வந்தனான்," என்று கலியாண வீடுகளில் சொல்லுவார். பக்கத்தில் நின்று நான்தான் முதலில் தலையாட்டுவேன்.