பெல்ட்டில் சிக்கிய முந்தானை

நேற்று என் தம்பி மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கம்பெனியில் இத்தனை வருஷம் அவள் வேலை. இனி அதை ஜனங்களிடம் எடுத்துச் சொல்லும் வேலையாம். "பயமா இருக்குது பெரியப்பா" என்றாள். தைரியம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் என் மூக்கில் இஞ்சின் புகையும் மல்லாட்டைத் தூசியும் ஏறிவிட்டன. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; செஞ்சியில் வேறு பெயர் சொன்னால் சிரிப்பார்கள்.

அறுபதுகளில் அங்கே ஒரு பட்டறையில் இருந்தேன். மல்லாட்டை உடைக்கிற மெஷின் செய்தோம். பருப்பு நொறுங்காமலிருக்கச் சல்லடைக் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலாளியோடு மல்லுக்கு நிற்பேன். அவரை எல்லோரும் நைனார் என்பார்கள். ஊர் ஊராக விற்கப் போகிறவர் திடீரென்று வேலையை விட்டு நின்றுவிட, நைனார் என்னிடம், "செய்யத் தெரிஞ்சவனுக்குச் சொல்லத் தெரியாதா? நீயே போ" என்றார். நான்கு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து வல்லத்தில் ஒரு களத்துமேட்டில் இஞ்சினைப் பூட்டி மெஷினை ஓட்டிக் காட்டினேன். கூட்டம் கூடக்கூடக் குரல் வந்துவிட்டது. பருப்பு கொட்டுவதைப் பார்க்கப் பச்சையம்மாள் என்கிற பெண் குனிந்தாள். இஞ்சினிலிருந்து மெஷினுக்கு ஓடுகிற பெல்ட் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டது. கழுத்தோடு சேர்த்து இழுத்தது.

"இஞ்சின நிறுத்துடா!" என்று கத்தினார்கள். நிறுத்தினாலும் சக்கரம் சற்று நேரம் சுற்றும். பூட்டியவன் நான், எனக்குத் தெரியும். கிடந்த கட்டையால் பெல்ட்டைச் சக்கரத்தை விட்டு அடித்துத் தள்ளினேன். துணி கிழிந்து அவள் பின்னால் விழுந்தாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. மூச்சு வந்ததும் என்னைப் பார்த்து, "எங்க நின்னா உசுரு தப்பும்பா?" என்றாள். அவள் நின்ற இடத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு தகரம்கூட இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

பட்டறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். "அடுத்த ஊருக்குப் போ. இங்க நடந்தது அங்க யாருக்குத் தெரியும்?" என்றார் நைனார்.

"பெல்ட்டுக்கு மூடி போடாம போவ மாட்டேன்." வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து பெல்ட்டின் நீளத்தைச் சாணால் அளந்தார். பிறகு, "எவ்ளோ தகரம் வேணும்?" என்றார்.

மூடி போட்ட பிறகு, அவலூர்பேட்டையில் இஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் வல்லத்தில் நடந்ததைச் சொன்னேன். கூட்டம் பின்வாங்கியது. கெட்டது காரியம் என்று நினைத்தபடியே இஞ்சினைக் கிளப்பினேன். ஒரு விவசாயி மட்டும், "அப்ப இதுல மாட்டாதா?" என்று, ஓடுகிற மெஷின்மேல் தோள் துண்டை வீசினார். துண்டு மூடிமேல் வழுக்கித் தரையில் விழுந்தது. அன்று சாயங்காலம் ஒரு மெஷின் விலைபோய் வண்டி ஏறியது.

தம்பி மகளிடம் இதைத்தான் சொன்னேன். அறிவுரை எதுவும் சொல்லத் தெரியவில்லை.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மெஷின் வாங்கிய வீட்டுக்கு மறுவாரம் போய் நிற்கிற வழக்கமும் போய்விட்டது. "சத்தம் பயமா இருக்குதுப்பா" என்று அப்போது வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். பட்டறைக்கு வந்து சொல்வேன். எங்கேயாவது ஒரு திருகை முடுக்குவோம். இப்போது சாமான் ஒட்டின பெட்டியில் வாசலுக்கு வருகிறது. போன வாரம் வந்த மிக்சி போட்டதும் அலறியது. நானும் மனைவியும் எட்ட நின்று பார்த்தோம். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.