ஆமைக்குஞ்சு திரும்பிய திசை

அஞ்சாம் வகுப்போடு நின்ற நான், கேளம்பாக்கத்தில் மூன்று மாடி வீடும் திருக்கழுக்குன்றத்தில் கல்யாண மண்டபமும் தனியாளாகக் கட்டியவன். மாமல்லபுரம் போகிற வழியில், கடலோரப் பள்ளிவாசல் அருகே டீக்குக் காரை நிறுத்துகிறேன். இருட்டிக்கொண்டு வருகிறது. மணலில் ஆமைக்குஞ்சுகள் ஊர்கின்றன. வெளிச்சத்தைக் கடலென்று நம்பி ரோட்டுக்கு ஏறிச் செத்துப்போகுமாம். ஆமை ஆராய்ச்சிக்காக அங்கே நிற்கும் பெண் கேட்டுக்கொண்டதால், நோன்பு மாத சீரியல் விளக்கையே பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அணைத்துவிட்டார். அப்படியும் குஞ்சுகள் ரோட்டுப் பக்கமே வருகின்றன.

முத்தவல்லி என்னைப் பார்க்கிறார். "அண்ணாத்த, கடலு அந்தாண்ட கீது. உங்க கார் லைட்டு இந்தாண்ட எரிஞ்சிகினு கீது. அதுங்க இன்னாதான் பண்ணும்?"

ஓடிப்போய் அணைக்கிறேன். குஞ்சுகள் கடலுக்குத் திரும்புகின்றன.

ஆராய்ச்சிப் பெண்ணிடம் சொல்கிறேன்: "பாத்தியாம்மா? பாய் அணைச்சப்ப திரும்பல, நான் அணைச்சதும் திரும்பிச்சு. ரிப்போர்ட்ல எம்பேரத்தான் மொதல்ல போடணும்."