பல்லாவது தெரியும்

டிவியில் காமெடி செய்து பேர் வாங்கிய அவரை நான் ஒரே ஒரு நாள்தான் சந்தித்தேன். நெய்வேலி டவுன்ஷிப் விழாவில் அவர் அடித்த ஜோக் செல்போன்களில் பரவி, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். அதனால் அதே மேடைக்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். மைக் செட் என்னுடையது. ஒல்லியான மனிதர். சும்மா சும்மா தலை வாரிக்கொண்டே இருந்தார்.

"யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டார்.

மைன்ஸில் கூட்டிப் பெருக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "கும்புட்டுகினு நின்னா ஆச்சா? என்னா சொன்னீங்கன்னு சொல்லி மன்னிப்பு கேளுங்க."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கரன்ட் போனா கான்ட்ராக்ட் பொம்பளைங்கள சிரிக்கச் சொல்லுங்க, பல்லாவது தெரியும்னு சொன்னேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. அவள் பக்கத்தில் நின்ற புருஷனும் சிரித்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

மேடையிலிருந்து இறங்கியவர் என் காதருகே குனிந்தார். "அன்னைக்கிவிட இன்னைக்கி நல்லா சிரிச்சாங்க, இல்லண்ணே?"

அப்போது அவர் கண்ணில் நீர் நின்றது. அது அவளுக்காகவா, அந்தச் சிரிப்புக்காகவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.