கிடங்கு நாய்க்கு ஐந்து ஊசி

மட்டாஞ்சேரியில் எங்கள் இட்லிக் கடைக்கு எதிரே ஒரு சுக்குக் கிடங்கு இருக்கிறது. அதன் வாசலில் படுத்துக் கிடக்கும் செவலைப் பெண் நாய்க்கு, போன மழைக்காலத்தில் மூக்கோரம் ஒரு கட்டி வந்தது. உண்ணி கடித்த வீக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாதத்தில் அது சிவந்து வெடித்துக் காலிஃபிளவர் மாதிரி விரிந்தது. தொடையிலும் ஒன்று கிளம்பியது. ரத்தம் சொட்ட அது கடைப் பக்கம் வந்தால், முன்பு இட்லி போட்டவர்களே கல்லை எடுத்தார்கள்.

எனக்குச் சகிக்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால் என் கழுத்தில் கட்டிய நெறி புற்றுநோய் என்று தெரிந்து, எறணாகுளத்தில் ஆறு மாதம் மருந்து ஏற்றிக்கொண்டவள் நான். மொட்டைத் தலையோடு நடந்தபோது சிலர் விலகிப் போன விதம் இன்னும் மறக்கவில்லை.

கிடங்கில் மூட்டை தூக்கும் சேட்டன் ஒருவர் நாயைத் தூக்கி ஆட்டோவில் என் மடியருகே வைத்தார். என் கணவர் டிரைவரோடு ஒண்டிக்கொண்டார். சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர் அவர். தெருவில் நாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

போர்ட் கொச்சியில் கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். கட்டிமேல் கண்ணாடிச் சில்லை ஒற்றியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முகர்வதாலும் நக்குவதாலும் நாய்க்கு நாய் ஒட்டும் கட்டி இது, மனிதர்களுக்கு வராது, கத்தி வேண்டாம், வாரம் ஒரு ஊசி நரம்பில் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும் என்று மலையாளத்தில் சொன்னார். மருந்தின் பெயரைச் சொன்னதும் நான் திரும்பக் கேட்டேன்.

"அது எனக்கும் போட்ட மருந்துதான், டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வளர்ந்துகொண்டிருந்த என் முடியைப் பார்த்தார். நரம்புக்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் சதை வெந்துவிடும் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார். நாய் அசையக்கூடாது. மூக்கில் புண் இருப்பதால் வாயைக் கட்டவும் முடியாது.

முதல் இரண்டு வாரம் சேட்டன் தலையைப் பிடித்தார், நான் காலைப் பிடித்தேன். மூன்றாம் வாரம் அவர் நாயை ஏற்றிவிட்டு, உறவில் ஒரு சாவு என்று வைப்பினுக்குப் போய்விட்டார். என் கணவர் வழக்கம்போல வாசலில் நின்றார். எனக்கு மருந்து ஏறிய ஆறு மாதமும் இப்படித்தான். என்னைக் கொண்டுவந்து உட்கார வைப்பார், வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துப் படுக்கைப் பெண்களின் கையை அவரவர் கணவர் பிடித்திருப்பார்கள். நான் ஏனென்று கேட்டதில்லை. மனசுக்குள் வலித்தது.

அன்று மருத்துவர் கூப்பிட்டதும் என் கணவர் உள்ளே வந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நாயின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். கட்டியின் ரத்தம் சட்டையில் பட்டது. நாயின் மூச்சு கழுத்தில் பட, நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. மருந்து முழுதும் இறங்கும்வரை இருவருமே அசையவில்லை.

ஊசியை எடுத்தபிறகும் அவர் கையை விடவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"ஒனக்கு ஏத்தறப்பவும் உள்ள வரணும்னுதான் நெனப்பேன். காலு வராது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது. அங்கயே ஒக்காந்து அழுதுட்டிருந்தேன்."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மருத்துவர் எதையோ எடுக்கிற மாதிரி அடுத்த அறைக்குப் போனார்.

மறுநாள் நாய் வாந்தி எடுத்தது. நான் தொடுமுன் அவரே கையுறை போட்டுக்கொண்டு கழுவினார், கஞ்சி காய்ச்சி வைத்தார். நாலாவது ஊசிக்குப் பிறகு தொடைக் கட்டி வேர்க்கடலை அளவுக்குச் சுருங்கியது, மூக்கில் இருந்தது காய்ந்து உதிர்ந்தது. ஐந்தாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து மருத்துவர் மறுபடி பார்த்து, ஒன்றுமில்லை என்று சிரித்தார். சில மாதம் கழித்து அவரே கருத்தடையும் செய்தார்.

மற்ற நாய்களைக் கண்டால் என் கணவர் இன்றும் தெருவின் அந்தப் பக்கம்தான் போகிறார். இவள் மட்டும் காலையில் அவர் காலடியில் குறுக்கே படுத்துக்கொள்கிறாள். சாம்பார் வாளியோடு அவர் அவளைத் தாண்டித் தாண்டிப் பரிமாறுகிறார்.